தோயா ஏரிக்கரை வெந்நீர் ஊருக்கு அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போகலாமா?

தம்பி, நீங்க டோக்கியோல வேலை பாக்குறீங்க, மதுரைலேர்ந்து அப்பா அம்மா மே மாசம் வர்றாங்க, ஹொக்கைடோல தோயா ஏரிக்கரைல இருக்குற வெந்நீர் ஊத்து ஊருக்கு ஒரு நாள் கூட்டிட்டுப் போயிட்டு வந்தா போதுமானு கேட்டிருக்கீங்க. அம்மா பொதுக் குளியலுக்கு ஒத்துக்குவாங்களா, சுத்த சைவத்துக்கு சோறு கிடைக்குமா, அப்பாவுக்கு பிபியும் சுகரும் இருக்கே அந்தச் சூடு ஆகுமா, பக்கத்துலயே எரிமலை வேற இருக்கேனு அடுக்கடுக்கா கேள்வி. நான் சப்போரோல பல வருஷம் வேலை பாத்துட்டு இப்ப திருநகர்ல இருக்கேன், அங்க இருந்தப்ப ஊர்லேர்ந்து யார் வந்தாலும் தோயாவுக்குத்தான் கூட்டிட்டுப் போவேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல்ல அந்த ஒரு நாள் கணக்கை விடுங்க. ரெண்டு ராத்திரி தங்குங்க, ரொம்ப முடியலைன்னா ஒரு ராத்திரியாவது. காலைல பஸ்ல வந்து சாயங்காலம் திரும்புறவங்களுக்கு ஏரியும் நாலு போட்டோவும்தான் மிச்சம். அந்த ஊரோட வெந்நீரும் முதுகுக்குப் பின்னாடி நிக்குற உசு எரிமலையும் வேற வேற இல்ல, அதை நடந்து பாத்துட்டு வந்து தண்ணில இறங்குங்க, அப்பத்தான் நாம எதுக்குள்ள உக்காந்திருக்கோம்னு உடம்புக்கே தெரியும். வெறும் குளியலுக்காக மட்டும் அவ்ளோ தூரம் போறதா இருந்தா டோக்கியோ பக்கத்துல ஹகோனேலயே குளிச்சிட்டு வந்துடலாம்.

தோயா ஏரி சுமார் 1,10,000 வருஷத்துக்கு முன்னாடி ஒரு பெரிய வெடிப்புல நிலம் உள்வாங்கி உண்டான பள்ளம், அதுல தண்ணி நிறைஞ்சு ஏரியாச்சு. கிட்டத்தட்ட வட்டமா இருக்கும், நடுவுல நாகாஜிமாங்கிற தீவுக் கூட்டம். நம்ம கொடைக்கானல் ஏரி 1863-ல லெவிஞ்ச் துரை கட்டுனது, சுத்தி வந்தா 5 கி.மீ. சொச்சம், இது இயற்கையா உண்டானது, சுத்தி வர 40 கி.மீ.க்கு மேல, ஆழம் 180 மீட்டர் வரைக்கும் போகுது. அவ்ளோ ஆழம் இருக்குறதால அந்தக் குளிர்லயும் ஏரி உறையாது, ஜனவரில சுத்தி எல்லாம் வெள்ளையா கிடக்கும், நடுவுல தண்ணி மட்டும் கருநீலமா அலையடிச்சிட்டு இருக்கும்.

ஏரி பழசு, ஆனா வெந்நீர் புதுசு. 1910-ல உசு மலை ஏரிப் பக்கம் வெடிச்சுது, அதுக்கப்புறம்தான் கரையோரத்துல சூடான தண்ணி கசியுறதைப் பாத்து 1917-ல ஊத்துன்னு கண்டுபிடிச்சாங்க. அதுலேர்ந்துதான் தோயாகோ ஓன்சென்னு ஊரே எழும்புச்சு, ஓன்சென்னா வெந்நீர் ஊத்து. மழைத்தண்ணியும் பனித்தண்ணியும் பூமிக்குள்ள இறங்கி, கீழ இருக்குற பாறைக்குழம்போட சூட்டுல காஞ்சு, பாறைல இருக்குற உப்பையெல்லாம் கரைச்சிக்கிட்டு மேல வருது. ஜப்பான்ல இதுக்குன்னே 1948-ல போட்ட தனிச் சட்டம் இருக்கு, மண்ணுக்குள்ளேர்ந்து வர்றப்ப 25 டிகிரியாவது இருக்கணும், இல்ல பட்டியல்ல சொன்ன தாதுல ஏதாவது ஒண்ணு போதுமான அளவு இருக்கணும், அப்பத்தான் ஓன்சென். குளியலறை வாசல்ல எந்த ஊத்து, என்னென்ன உப்பு, எத்தனை டிகிரின்னு ஒரு பலகை மாட்டியிருப்பாங்க, போன்ல மொழிபெயர்த்துப் பாருங்க, அப்பாவுக்குப் பிடிக்கும்.

இப்ப எரிமலை பயத்துக்கு வர்றேன். மறைச்சுப் பேச வேண்டியதில்ல, உசு 1910, 1943-45, 1977-78, 2000-னு 20-ம் நூற்றாண்டுல மட்டும் நாலு தடவை சீறியிருக்கு, இனியும் சீறும். ஆனா இந்த மலைக்கு ஒரு குணம் உண்டு. அதோட பாறைக்குழம்பு கெட்டியானது, சட்டுன்னு பீறிட்டு வராது, நிலத்தை முட்டி முட்டி மேல தள்ளிட்டுத்தான் வரும், அதனால வெடிக்கிறதுக்கு முன்னாடி ஜனங்க காலுக்கே தெரியுற மாதிரி நிலநடுக்கம் வந்துடும். 2000 மார்ச் 27-லேர்ந்து நடுக்கம் ஆரம்பிச்சுது, மலையை வருஷக்கணக்கா கவனிச்சிட்டு இருந்த ஹொக்கைடோ பல்கலைக்கழகத்து ஹிரோமு ஒகாடா வெடிக்கப் போகுதுன்னு அடிச்சுச் சொன்னாரு, 10,000 பேருக்கு மேல ஊரைக் காலி பண்ணாங்க, 31-ம் தேதி வெடிச்சுது. ஒருத்தர்கூட சாகல. எங்கெங்க ஆபத்துன்னு காட்டுற வரைபடத்தை 1995-லயே அச்சடிச்சு வச்சிருந்தாங்க, அதெல்லாம்தான் அன்னைக்கு உயிரைக் காப்பாத்துச்சு. நீங்க கிளம்புறதுக்கு முன்னாடி ஜப்பான் வானிலை நிறுவனத்தோட பக்கத்துல உசு எந்த எச்சரிக்கை நிலைல இருக்குன்னு ஒரு தடவை பாத்துக்கோங்க, 1-ன்னா சாதாரணம், அது போதும்.

அந்த 2000 வெடிப்புல உடைஞ்சதை அவங்க இடிச்சுத் தள்ளாம அப்படியே விட்டு வச்சு, நடைபாதை போட்டிருக்காங்க. ரெண்டு பாதை இருக்கு. கொம்பிரா பாதை ஊருக்குள்ளேர்ந்தே ஆரம்பிக்குது, எரிமலை அருங்காட்சியகத்துக்குப் பின்னாடி. நாலஞ்சு மாடி குடியிருப்பு ஒண்ணு கீழ்த்தளம் வரைக்கும் சேறு ஏறி அப்படியே நிக்கும், ஜன்னல் வழியா உள்ள பாத்தா அறை பூரா மண்ணு. சுடுசேறு அடிச்சிட்டு வந்த வேகத்துல ஒரு பாலத்தையே தூக்கிட்டு வந்து அந்தக் கட்டடத்துல மோத விட்டிருக்கு. இன்னொண்ணு நிஷியாமா பாதை, அங்கதான் 230-ம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை போச்சு, நிலம் கிட்டத்தட்ட 70 மீட்டர் மேல எழும்புனதுல ரோடு படிக்கட்டு மாதிரி வெட்டுப்பட்டு, ஒரு பகுதி குட்டைத் தண்ணிக்குள்ள முங்கிக் கிடக்கு, ரோட்டோர அடையாளக் கம்பம் தண்ணிலேர்ந்து எட்டிப் பாக்கும். பக்கத்துல ஒரு பாலர் பள்ளி, மலை வீசுன கல்லு சுவத்தையும் கூரையையும் துளைச்சிருக்கும், முத்தத்துல விளையாட்டு சாமான் எல்லாம் துருப்பிடிச்சு நிக்கும். அங்கங்க தரைலேர்ந்து இன்னும் ஆவி வரும். அப்பாவுக்கு முட்டி வலின்னா கொம்பிரா மட்டும் போங்க. குளிர்காலத்துல ரெண்டையும் மூடிடுவாங்க, மே மாசம் திறந்திருக்கும்.

ஷோவா ஷின்சான் கண்டிப்பா போகணும். 1943 கடைசி வரைக்கும் அது கோதுமை வயல். நிலம் மெல்ல மெல்ல பொங்கி, 1945 செப்டம்பர்ல பாத்தா 400 மீட்டருக்குக் கொஞ்சம் கம்மியா ஒரு மலை. போர் நடந்துட்டு இருந்த நேரம், அரசாங்கம் இந்தச் செய்தியை வெளிய விடல, ஆராய்ச்சிக்காரங்களுக்கும் வர வழியில்ல. அந்த ஊரு போஸ்ட் மாஸ்டர் மிமாட்சு மசாவோ, போஸ்ட் ஆபீஸ் பின்னாடி தூண்டில் நூலை கிடையா இழுத்துக் கட்டி, ஒரே இடத்துல தாடையை வச்சு, நூலுக்கு மேல மலை எவ்ளோ வந்திருக்குன்னு தினம் பாத்து வரைஞ்சு வச்சாரு. பெரிய கருவி ஒண்ணும் கிடையாது. அந்தப் படம் 1948-ல ஆஸ்லோல நடந்த உலக எரிமலை மாநாடு வரைக்கும் போச்சு, இன்னைக்கும் மிமாட்சு வரைபடம்னுதான் சொல்றாங்க. நிலத்தைப் பறிகொடுத்த விவசாயிக்கு உதவியாவும் இருக்கட்டும், மலையையும் யாரும் தோண்டிடக் கூடாதுன்னு சொந்தக் காசு போட்டு 1946-ல அந்த மலையையே வாங்கிட்டாரு. மலையடிவாரத்துல அளக்குற கோலத்துலயே அவருக்குச் சிலை இருக்கு, அதை உங்க அப்பாவுக்குக் காட்டுங்க, ஒரு போஸ்ட் மாஸ்டரு இவ்ளோ பெரிய வேலை செஞ்சிருக்காருன்னு நினைச்சா எனக்கு இப்பவும் சிலிர்க்கும். அங்கயே உசு மலைக்கு ரோப்கார் ஏறலாம், ஆறு நிமிஷம், மேலேர்ந்து ஒரு பக்கம் ஏரி இன்னொரு பக்கம் கடல் தெரியும். பக்கத்துல கரடிப் பண்ணை ஒண்ணு இருக்கு, என்னைக் கேட்டா அந்த நேரத்தையும் ரோப்கார்லயே செலவழிங்க.

சரி, அம்மா விஷயம். நேரா சொல்லிடுறேன், பொதுக் குளியல்ல துணி போட்டுட்டு இறங்க விடமாட்டாங்க, நைட்டி, நீச்சல் உடை எதுவும் கூடாது. ஆனா தோயா ஹோட்டல்கள்ல பெண்களுக்குத் தனி, ஆண்களுக்குத் தனி, வாசல்ல பெரும்பாலும் சிவப்புத் துணி பெண்களுக்கு, நீலம் ஆண்களுக்கு. சில இடத்துல ராத்திரிக்கும் காலைக்கும் ரெண்டு பக்கத்தையும் மாத்திடுவாங்க, அதனால நேத்து இங்கதான போனோம்னு போயிடக் கூடாது, ஒவ்வொரு தடவையும் துணியைப் பாத்துட்டு உள்ள போகச் சொல்லுங்க. உள்ள போன் கொண்டு போகக் கூடாது, யாரும் யாரையும் நிமிந்துகூட பாக்க மாட்டாங்க. எங்க சித்தி மேலூர்க்காரங்க, வந்த அன்னைக்கு "செத்தாலும் அங்கிட்டு வரமாட்டேன்டா"ன்னுட்டாங்க. நான் வற்புறுத்தல. சாயங்காலம் ரோட்டோரத்துல காலை மட்டும் நனைக்கிற தொட்டில கொண்டுபோய் உக்கார வச்சேன், ஊருக்குள்ள அங்கங்க இருக்கு, காசு கிடையாது, கையை நனைக்கிற சின்னத் தொட்டிகூட உண்டு. புடவையை முழங்கால் வரைக்கும் சுருட்டிட்டு உக்காந்தவங்க பக்கத்துல இருந்த ஜப்பான் பாட்டியோட பாஷையே தெரியாம பேசிச் சிரிச்சிட்டு இருந்தாங்க. மறுநாள் விடியக்காலை அஞ்சரைக்கு, யாரும் இருக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சு, அவங்களா துண்டை எடுத்துட்டுக் கிளம்பிட்டாங்க. உங்க அம்மாவையும் அவங்க போக்குல விடுங்க. அப்படியும் வேண்டாம்னா ரெண்டு வழி இருக்கு, ஒண்ணு ரூமுக்குள்ளயே ஊத்துத் தண்ணி வர்ற தொட்டி உள்ள அறை, விலை கூடும், இன்னொண்ணு குடும்பத்துக்குன்னு மணிக் கணக்குல வாடகைக்கு விடுற தனிக் குளியலறை, புக் பண்றப்பவே இருக்கானு கேட்டுடுங்க. அப்பா அம்மா ரெண்டு பேரும் கதவைச் சாத்திட்டு நிம்மதியா குளிச்சிட்டு வரலாம்.

தொட்டில இறங்குறதுக்கு முன்னாடி குட்டி ஸ்டூல்ல உக்காந்து சோப்பு போட்டு நல்லா குளிச்சிடணும், நுரை கொஞ்சம்கூட இல்லாம அலசணும், தொட்டி ஊறுறதுக்கு மட்டும்தான். நின்னுக்கிட்டு ஷவர் பிடிக்காதீங்க, பக்கத்துல இருக்குறவங்க மேல தெறிக்கும். சின்னத் துண்டைத் தண்ணில முக்கக் கூடாது, மடிச்சு தலைல வச்சுக்குவாங்க. அம்மா தலைல எண்ணெய் வச்சிருந்தா அன்னைக்கு முதல்ல தலையை அலசிடச் சொல்லுங்க, கூந்தலைத் தூக்கி முடிஞ்சுக்கணும், முடி தண்ணில படக் கூடாது. பச்சை குத்தியிருந்தா பல இடத்துல அனுமதி இல்ல, நம்ம பக்கம் வயசானவங்க கைல பச்சை குத்தியிருப்பாங்களே, அது சின்னதா இருந்தாலும் முன்கூட்டியே ஹோட்டல்ல சொல்லுங்க, மறைக்கிற பிளாஸ்டர் ஒட்டிக்கிட்டா சில இடத்துல விடுறாங்க. மெட்டி, கொலுசு வெள்ளின்னா கழட்டி ரூம்லயே வச்சிடுங்க. தோயா தண்ணி உப்புத் தண்ணி வகை, ஆனா நீங்க பக்கத்துல நோபொரிபெட்சுக்கும் போனீங்கன்னா அங்க கந்தகம், ஒரே முழுக்குல வெள்ளி கருத்துப் போகும். அப்புறம் ஹோட்டல்ல உடுத்திக்க யுகாதாங்கிற பருத்தி அங்கி தருவாங்க, அதைக் கட்டுறப்ப இடது பக்கம் மேல வரணும், வலது மேல வந்தா அது இறந்தவங்களுக்கு உடுத்துற முறை, அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் நீங்களே சரி பண்ணி விடுங்க.

அப்பா உடம்புதான் எனக்கு முக்கியமா படுது. தொட்டி 40, 42 டிகிரி இருக்கும், நம்ம வீட்டு வெந்நீர்ல ஒரு செம்பு ஊத்திக்கிறதும் கழுத்து வரைக்கும் அதுக்குள்ள உக்காருறதும் வேற. சூட்டுல ரத்தக் குழாய் விரிஞ்சு பிபி இறங்கும், பிபி மாத்திரை போட்டவங்க சட்டுன்னு எந்திரிச்சா கண்ணு இருட்டிட்டு வந்து அந்த வழுக்குத் தரைல விழுந்துடுவாங்க. முதல்ல கால்லேர்ந்து மேல மேல தண்ணி ஊத்தி உடம்பைப் பழக்கணும், முதல் தடவை அஞ்சு நிமிஷம் போதும், நெஞ்சு வரைக்கும் முங்க வேண்டாம் இடுப்பளவு போதும், எந்திரிக்கிறப்ப கம்பியைப் பிடிச்சு மெதுவா. சுகர்ல பாதம் மரத்திருந்தா சூடு தெரியாது, கையை விட்டுப் பாத்துட்டு கால் வைக்கட்டும். இன்சுலின் போடுறவரா இருந்தா போட்டவுடனே இறங்கக் கூடாது, சூட்டுல மருந்து வேகமா ஏறி சர்க்கரை இறங்கிடும். வெறும் வயித்துலயும் வேண்டாம், வயிறு முட்ட சாப்பிட்டும் வேண்டாம். நீங்க கூடவே இருங்க, தனியா விடாதீங்க. கிளம்புறதுக்கு முன்னாடி மதுரைல அவரோட டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வரச் சொல்லுங்க.

சாப்பாடு கொஞ்சம் கஷ்டம்தான், ஆனா வழி இருக்கு. ஹோட்டல் விலை ரூமுக்கு இல்ல, தலைக்கு, ராத்திரி சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேத்துத்தான் பெரும்பாலும் சொல்வாங்க. அங்க சிக்கல் மீனு கண்ணுக்குத் தெரியாம இருக்குறது, மிசோ சூப்லேர்ந்து காய்கறி அவியல் வரைக்கும் தாஷிங்கிற சாறுல செய்வாங்க, அதுல காய்ஞ்ச மீன் சீவல் போடுறது வழக்கம். "மீன் வேண்டாம்"னு மட்டும் சொன்னா துண்டை எடுத்துட்டு அதே சாறுல கொடுப்பாங்க, அதனால மீன் சாறும் கூடாது, கடற்பாசிச் சாறுன்னா பரவாயில்லன்னு புக் பண்றப்பவே ஜப்பானிய மொழில எழுதி அனுப்புங்க, போய் இறங்கிட்டு சொன்னா அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது. சிலர் முடியாதுன்னு நேர்மையா பதில் போடுவாங்க, அப்ப சாப்பாடு இல்லாத விலைக்கு ரூம் எடுங்க. கன்வீனியன்ஸ் ஸ்டோர்ல சூடு பண்ணிச் சாப்பிடுற வெள்ளைச் சோறு பாக்கெட், இனிப்பில்லாத தயிர் ரெண்டும் கிடைக்கும், ஹொக்கைடோ பால் அருமையா இருக்கும், தயிரும் அப்படித்தான். அம்மா ஊர்லேர்ந்து புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, ஊறுகாய் கொண்டு வந்துட்டா ரெண்டு நாளைக்கு மூணு வேளையும் ஓடிடும். ஆனா மே மாசம்னு ஆசைப்பட்டு மாம்பழம், கறிவேப்பிலை, மல்லிகைப் பூ எதையும் பெட்டில வைக்க வேண்டாம்னு சொல்லிடுங்க, பச்சையா இருக்குற எதுவும் ஏர்போர்ட் தாவரச் சோதனைல நின்னுடும். ஜப்பான் கறின்னு கடைல விக்குறதை சைவம்னு நம்பாதீங்க, அந்தக் கட்டில பன்னிக் கொழுப்போ மாட்டுக் கொழுப்போ சேத்திருப்பாங்க.

மே மாசம் நல்ல முடிவு, ஆனா ஏப்ரல் 29-லேர்ந்து மே 5 வரைக்கும் ஜப்பான் முழுக்க லீவு சீசன், அந்த வாரம் ரூம் கிடைக்காது, கிடைச்சாலும் விலை கட்டாது. மே 10-க்கு மேல போங்க. பகல்ல 15 டிகிரிக்கு அங்கிட்டு இங்கிட்டு இருக்கும், ராத்திரி ஒத்தை இலக்கத்துக்கு இறங்கும், மதுரை கத்திரி வெயில்லேர்ந்து வர்றவங்களுக்கு ஸ்வெட்டரும் சாக்ஸும் கட்டாயம். ஏப்ரல் 28-லேர்ந்து அக்டோபர் 31 வரைக்கும் தினம் ராத்திரி 8.45-க்கு ஏரி மேல வாணவேடிக்கை, 20 நிமிஷம், படகு நகந்துக்கிட்டே விடும், அதனால கரை நெடுக எந்த ஹோட்டல்லேர்ந்தும் தெரியும். ஏரி பாத்த ரூமா எடுங்க, அப்பா அம்மா போர்வையைப் போத்திட்டு ஜன்னலோரத்துலயே உக்காந்து பாக்கட்டும். பகல்ல தீவுக்குப் படகு இருக்கு, அங்க மான் திரியும். மேற்குக் கரை மலை மேல பெருசா ஒரு ஹோட்டல் தெரியும், அங்கதான் 2008 ஜூலைல ஜி-8 மாநாடு நடந்துச்சு, நம்ம பிரதமர் மன்மோகன் சிங்கும் போயிருந்தாரு.

போக்குவரத்துக்கு, வயசானவங்களோட டோக்கியோலேர்ந்து ரயில்லயே போகணும்னு நினைக்காதீங்க. ஷின்கான்சென்ங்கிற புல்லட் ரயில் ஷின்-ஹகோதாதே-ஹொகுதோ ஸ்டேஷன் வரைக்கும்தான் போகுது, நாலு மணி நேரம், அங்க மாறி இன்னும் ஒண்ணே முக்கால் மணி நேரத்துக்குப் பக்கம். ஹனேதாலேர்ந்து நியூ சிதோசேக்கு விமானத்துல ஒன்றரை மணி நேரம், ஏர்போர்ட்லேர்ந்து ஒரு ஸ்டேஷன் தள்ளி மினாமி-சிதோசேல மாறி ஹொகுதோ எக்ஸ்பிரஸ் பிடிச்சா தோயா ஸ்டேஷன். ஸ்டேஷன் கடல் பக்கம், ஊரு ஏரிப் பக்கம், நடுவுல பஸ் இருக்கு, 20 நிமிஷம், ராத்திரி வெரசா நின்னுடும், அதனால சாயங்காலத்துக்குள்ள போய்ச் சேருற மாதிரி டிக்கெட் போடுங்க. சப்போரோலேர்ந்து சில ஹோட்டல்காரங்களே பஸ் விடுறாங்க, முன்பதிவு பண்ணணும். ஹொகுதோல 2024 மார்ச்லேர்ந்து எல்லா சீட்டும் ரிசர்வ்தான், முன்ன மாதிரி ஏறி உக்காந்துக்கலாம்னு இருக்காதீங்க, போறதுக்கும் வர்றதுக்கும் சேத்தே எடுத்துடுங்க, அப்பாவுக்கு ஜன்னல் சீட்டு, தோயாவுக்குப் போறப்ப கடல் இடது கைப் பக்கம் வரும்.